கறுப்பு ஜன்னல்

‘அறிவிப்பு’ என்ற பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தது. அதில் ஏதோ கட்டளை ஒரு வரி ஓடியது. கண் சிமிட்டுவதற்குள் ஜன்னல் மறைந்துவிட்டது.

வேலைக்கு வந்து பத்து நாளே ஆன மேலாளர் அம்மாளுக்குச் சுருக்கென்றது. கணினிக்காரரைக் கூப்பிட்டார்.

“தினமும் வந்துட்டு ஓடுதே, என்ன அது?”

“பின்னாடி ஓடுற சின்ன புரோகிராம் மேடம். நீங்க எழுதுற அறிவிப்பை இன்னொரு மெஷினுக்கும் அனுப்பும். பழைய மேனேஜர் கிட்ட கேட்டுத்தான் வெச்சேன்.”

“யாருக்காக?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒருத்தங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான். அவங்க இதைப் பெரிசுபடுத்த வேண்டாம்னாங்க மேடம்.”

“சரி, போங்க.”

பழைய மேலாளர் ஓய்வு பெற்று ஊரை விட்டே போய்விட்டார். சாட்சிக்கு இந்தக் கணினிக்காரர் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார் என்று அம்மாள் நினைத்துக்கொண்டார்.

மதியம் கணினிக்காரர் சாப்பிடப் போனபோது அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். தடித் தடியாக வெள்ளைத் தாள்கள். ஒன்றிலும் ஓர் எழுத்தில்லை. தடவினால் சொரசொரவென்றிருந்தது. ஈரத்தில் கெட்டுப்போன தாள் போலிருக்கிறது என்று மூடிவிட்டார்.

மூன்று மணிக்கு இண்டர்காம் அடித்தது. தொலைபேசி அறையில் இருக்கும் அம்மா. அவரை மேலாளர் குரலில் மட்டும்தான் அறிவார்.

“மேடம், நாளைக்கு மீட்டிங்கைப் பதினோரு மணிக்கு மாத்திட்டீங்களாமே? வெளியில இருந்து கூப்பிடுறவங்ககிட்ட அதையே சொல்லிடட்டுமா?”

அதை எழுதி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொலைபேசி அறையிலோ கணினியே கிடையாது. நாள் முழுக்க வெளியாட்களோடு பேசுகிறவருக்கா சேதி போகிறது!

அடுத்த நிமிடமே மேலாளர் இன்னோர் அறிவிப்பை எழுதிப் பொத்தானை அழுத்தினார். கறுப்பு ஜன்னல் வந்து மறைந்தது. ‘வா, இன்றோடு உன் கதை முடிந்தது’ என்று பல்லைக் கடித்தார்.

கூடத்து மூலையில் ஒரு மெஷின் கடகடத்தது. கணினிக்காரர் அதிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நடந்தார். மேலாளர் பின்தொடர்ந்தார். தொலைபேசி அறைக்குள் தாளை வைத்துவிட்டு, அவர் சிரித்துக்கொண்டே வேறு வழியாகப் போய்விட்டார்.

மேலாளர் உள்ளே நுழைந்தார். விளக்கு எரியவில்லை.

“யாரு, புது மேடமா? செருப்புச் சத்தம் புதுசா இருக்கே. உட்காருங்கம்மா.”

“அவர் என்ன கொடுத்துட்டுப் போறார்? காட்டுங்க!”

பிடுங்கிப் பார்த்தார். வெறும் தாள். “இதுல ஒண்ணுமே இல்லையே!”

“இப்படிக் கொடுங்க மேடம். இன்னும் நான் பார்க்கலை.”

அந்த அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டார். முகம் சுவரைப் பார்த்திருக்க, விரல்கள் தாளின் சின்னச் சின்ன மேடுகள்மேல் மெல்ல ஊர்ந்தன. நடுவில் நின்றன. வாய்விட்டுப் படித்தார்.

“‘கணினிக்காரர் இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்...’ ஐயோ, இது தெரியாமலா மேடம் சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து கொடுத்தாரு?”