தொண்டு எங்கே?

பக்கத்து வீட்டில் மறுபடியும் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது.

நீலகண்டன் பேப்பரை மடக்கி வைத்தார். இதோடு நாலாவது நாள். அந்த வீட்டு எபினின் ஐந்து சென்ட் நிலத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும்தான் உண்டு. தேங்காய் இன்றைக்கு விற்கிற விலையில், ஆட்டோ ஓட்டுகிறவன் வீட்டில் தினம் ஒன்று உடைகிறது என்றால்?

அவருடைய தெங்கு ஒன்று மதிலைத் தாண்டி அந்த வீட்டு முற்றத்தின் மேல் சாய்ந்து நின்றது.

"உமையம்மா, ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாறேன்" என்று அடுக்களையிலிருந்த மனைவியிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டினார்.

ஜங்ஷனுக்குப் போகவில்லை. ஊடுவழியாகச் சுற்றி, எபினின் பின்முற்றத்தில் போய் நின்றார்.

எபினின் மனைவி ஜீனா சிரவையின் மேல் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் மட்டும் முறியைப் பிடித்துத் திருவியதில், பூ பாதி கிண்ணத்திலும் பாதி தரையிலும் விழுந்தது. தரையில் விழுந்ததை அவளுடைய ஒரு வயதுப் பிள்ளை பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. படிக்கல்லில் தேங்காய்த் தண்ணீரின் ஈரம் காயவில்லை.

"ஏது தேங்காய்?"

ஜீனா பதறி எழுந்தாள். "விழுந்தது சார்."

"எங்கேருந்து?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "உங்க தெங்கிலேருந்து."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் வில்லேஜ் ஆபீசில் இருந்தவர். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எந்தக் காரியத்தையும் முடித்ததில்லை. முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். உரித்த மட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"தொண்டு எங்கே?"

"சார்?"

"மரத்திலேருந்து விழுந்த தேங்காய்க்குத் தொண்டு இருக்கணும் இல்லியா? உரிச்ச தொண்டு எங்கே?"

ஜீனா கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"அடுப்பில வச்சியா?"

"கேஸ் அடுப்பாக்கும் சார்."

"உரிக்கதுக்குப் பாரை உண்டா?"

"இல்ல."

"இருந்தாலும், ஒத்தக் கையால உரிச்சிருவியோ?"

"இல்ல சார்."

"அப்போ யாரோ மரத்தில ஏறிப் பறிச்சு, உரிச்சும் தந்திருக்கான். எபின்தானே?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"பின்ன யாரு?"

அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமையானா பைபிளும் கொண்டு முன்வரிசையில போய் இருக்கவளாக்கும். பேரைச் சொல்லு பிள்ளே. இல்லெங்கி சாயங்காலம் எபின் வந்ததும் நாலு பேரு கேக்க அவனிட்டயே கேக்கேன்."

"அவரிட்ட சொல்லண்டாம் சார்." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் எடுத்ததுன்னே வச்சுக்கிடுங்க. நான் கள்ளின்னே இருக்கட்டும். அவரிட்ட மட்டும் தேங்காய்ப் பேச்சு எடுக்கண்டாம்."

நீலகண்டனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருட்டு புருஷனுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாள். வேலையில் இருந்த காலத்தில் இப்படிக் கெஞ்சியவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

அப்போது மதிலுக்கு மேல் ஒரு கை நீண்டது. கையில், குடுமி மட்டும் விட்டுச் சுத்தமாக உரித்த ஒரு தேங்காய்.

"ஜீனா, மக்களே, நாளைக்குள்ளதாக்கும், இதப் பிடி." உமையம்மாளின் குரல். மதிலின் உயரத்துக்கு அவள் தலை இந்தப் பக்கம் தெரியவில்லை. "அவிய ஜங்ஷனுக்குப் போயிருக்காவ."

ஜீனா நீலகண்டனைப் பார்த்தாள். அசையவில்லை.

"என்ன பிள்ளே, இன்னைக்கும் வாங்கக் கூச்சமா? சாஞ்ச தெங்க முறிக்கணும்னு எபின் ரெண்டு தடவை வந்து கேட்டான். காய்க்கிற மரமாக்கும்னு அவிய சம்மதிக்கல்ல. தேங்காய் விழுந்து உன் கை ஒடிஞ்சத நான் அடுக்களைச் சன்னல் வழி கண்டவளாக்கும். கிணத்தடியில வழுக்கி விழுந்தேன்னு நீ எபினிட்ட மறைச்சதினாலதான், அவன் வெட்டுகத்தி எடுத்துட்டு எங்க முற்றத்துக்கு வரல்ல. அது தெரியாம அவிய சுகமா பேப்பர் படிச்சிட்டு இருக்காவ."

நீட்டிய கை கொஞ்சம் தாழ்ந்தது.

"சீக்கிரம் வாங்கு மக்களே, கை கடுக்குது."

நீலகண்டன் எட்டி, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.