காம்பென் வீட்டுக்காரர்

"மாப்பிள்ளை, ஊருக்குப் போறதுக்குள்ள அந்த வீட்டைக் காட்டிடுங்க. எல்லாரும் கேப்பாங்க."

கரூரிலிருந்து ஆஸ்லோவுக்கு வந்த மூன்று நாளில் மாமனார் கோபாலன் இதை ஒன்பதாவது முறையாகச் சொன்னார்.

அந்த வீடு என்றால், நாங்கள் குடியிருக்கும் ரொம்மன் அடுக்குமாடி வீடு அல்ல. காம்பென் பகுதியில் இருக்கும் மஞ்சள் மர வீடு. சிவப்பு ஓடு, வெள்ளை ஜன்னல், வேலி முழுக்க ரோஜா. குழந்தைகளின் கதைப் புத்தகத்தில் முயல் குடும்பம் குடியிருக்குமே, அந்த மாதிரி.

இரண்டு வருடம் முன்பு அந்த வேலியில் சாய்ந்து ஒரு படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "யார் வீடு?" என்று கேட்டார். "நம்ம வீடுதான் மாமா" என்று எழுதினேன். கூடவே ஒரு ஸ்மைலி போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியும்.

மாமா கரூர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அவர் வந்து இறங்கியதும், "பழைய வீடு மாமா, பெயின்ட் வேலை நடக்குது. அதுவரைக்கும் இங்க" என்று சமாளித்தேன்.

"உங்க பொய். நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி கிரிஜா வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மெட்ரோவில் வந்து இறங்கி, மேடேறி, வேலிக்கு வெளியே நின்றோம். நான் விளக்க ஆரம்பித்தேன்.

"நூறு வருஷத்துக்கு மேல பழசு மாமா. ஜன்னலை மாத்தணும்னாகூட அனுமதி வாங்கணும்."

அந்த வீட்டு அழைப்பு மணியைத் தொடக்கூட எனக்கு அனுமதி இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"உள்ள போலாமே?"

"சாவி பெயின்டர்கிட்ட இருக்கு மாமா."

நார்வேயில் தமிழில் எவ்வளவு சத்தமாகப் பொய் சொன்னாலும் யாருக்கும் புரியாது என்பது என் தைரியம். ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"தமிழ் ஆக்களோ?"

மாமா முகம் மலர்ந்தது. "ஆமாம்மா! இது என் மாப்பிள்ளை நரேஷோட வீடு. நீங்க?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ரோஜாவைப் பார்த்தேன்.

"ஓம் ஐயா, தெரியும்" என்றார் அவர் நிதானமாக. "நான் செல்வமலர், பக்கத்து வீடு. தம்பியாக்கள் இல்லாத நேரம் இஞ்சை பாத்துக்கொள்ளுறனான். உள்ளுக்கை பெயின்ட் ஈரம். தோட்டத்திலை இருங்கோ, கோப்பி கொண்டாறன்."

மாமா ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தார். மரச் சுவரைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது.

"கிரிஜாவை நல்ல இடத்துலதான் குடுத்திருக்கேன்."

செல்வமலர் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டேன்.

"வீட்டைப் பளிச்சுனு வச்சிருக்காரும்மா மாப்பிள்ளை!"

"ஓம் ஐயா, சரியான துப்பரவு" என்றார் செல்வமலர், என் பக்கம் திரும்பாமல்.

வீட்டை முழுதாகப் படம் எடுக்க மாமா வேலிக்கு வெளியே போனார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு செல்வமலரிடம் ஓடினேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. உங்க சொந்த வீட்டுலயே உங்களைப் பக்கத்து வீட்டுக்காரங்களா ஆக்கிட்டேன். எனக்கெல்லாம் இவ்வளவு பெரிய மனசு வராது."

"ஆரின்ர வீடு? என்ர வீடோ?" அவர் சிரித்தார். "நான் இஞ்சை கிழமைக்கு ரெண்டு நாள் கிளீனிங்குக்கு வாறனான் தம்பி. வீட்டுக்காரர் நாலு மணிக்கு வந்திடுவினம். கெதியா வெளிக்கிடுங்கோ."

என் பொய்யைக் காப்பாற்ற, இவர் தன் வேலையையே பணயம் வைத்திருக்கிறார்!

"அப்ப... எனக்காக எதுக்குக்கா இதெல்லாம்?"

கோப்பைகளை வாங்கிக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தார். வேலிக்கு வெளியே மாமா, வீடு முழுவதும் படத்தில் அடங்குவதற்காகப் பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

"யாழ்ப்பாணத்திலை என்ர அம்மா, ஒருக்கா வந்து பாக்கட்டோ எண்டு பதினொரு வருசமாக் கேக்கிறா தம்பி" என்றார் செல்வமலர். "இதுதான் எங்கட வீடெண்டு அவவுக்கும் சொல்லிப்போட்டன். அதாலைதான் இன்னும் கூப்பிடேல்லை."