எட்டுத் தடவை, பக்கவாட்டில்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு, எங்கள் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் இடைப்பட்ட ஆறடி நிலப்பரப்பில், ஒரு முதுகு வளையாமல் குனிந்தது.

முதுகு என் மனைவியுடையது. பயிற்சி அடியேனுடையது.

அவள் நர்ஸ். போன வருஷம் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வார்டு கிடையாது, டோக்கன் கவுன்டர்தான். இருபத்தாறு வருஷ அனுபவசாலி, நாள் முழுக்க நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரி ஃபிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார். முப்பது கிலோ டெட்லிஃப்ட், அதாவது எடை மாட்டிய கம்பியைக் குனிந்து இறக்கி நிமிர்ந்து தூக்குவது, எட்டுத் தடவை. முதுகு வளையக் கூடாது, பாரம் முழுக்கப் பின்தொடையில் இறங்க வேண்டும். மூன்று மாதக் கெடு. பக்கவாட்டில் வீடியோ எடுத்துக் கடைசி ஞாயிறு மதியத்துக்குள் அனுப்பினால் வார்டுக்குத் திரும்பக் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் கவுன்டரே நிரந்தரம்.

இங்கேதான் நான் களமிறங்கினேன்.

யூடியூபில் பதினொரு நிபுணர்களைக் கேட்டேன். சுவரில் எலும்புக்கூடு படம் ஒட்டினேன். விசில் வாங்கினேன். மூன்று மாதம், அவள் கம்பியைத் தொட்டபோதெல்லாம் சோபாவில் சாய்ந்தபடி "முதுகு! முதுகு!" என்று கத்தினேன்.

மூன்று மாதமும் முதுகு வளைந்தது.

போன வாரம் திடீரென்று சரியாகிவிட்டது. ஒரு ஆசானுக்கு வேறென்ன வேண்டும்? "நான் சொன்னது இப்பதான் புரிஞ்சுதா?" என்றேன்.

"நீங்க சொன்னதா? ரெண்டு கையிலயும் ட்ரே இருந்தா வார்டு கதவை எப்படித் திறப்பேன்? பின்னாலயே போய் இடுப்பால தள்ளுவேன். அதைத்தான் இங்கயும் செஞ்சேன். அந்த விசிலை முதல்ல உள்ள வைங்க."

ஆசான் விசிலை உள்ளே வைத்தார்.

ஆக, ஞாயிறு. சரித்திரச் சம்பவம் முன்னுரை இல்லாமல் நிகழ்வது அழகல்ல. ஃபோனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து நாலு வார்த்தை பேசினேன். பிறகு அவளுக்குப் பக்கவாட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். கண்ணாடி போடாததால் திரை எனக்கு வெறும் மங்கல். அவளையே பார்த்தேன்.

அவள் கம்பியை எடுத்தாள். முழங்கால் லேசாக மடங்கியது. இடுப்பு பின்னால் போனது, என் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவை நோக்கி. கம்பி தொடையை உரசிக்கொண்டே முழங்காலைத் தாண்டி இறங்கியது. முதுகு பலகை மாதிரி இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஐந்தாவதில் பின்தொடை நடுங்கியது. ஆறாவதில் மூச்சு ஒரு தரம் திணறியது. "முதுகு" என்று கத்த வாயைத் திறந்தேன். கத்துவதற்கு அங்கே ஒரு குறையும் இல்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

எட்டு.

முப்பது கிலோவையும் சத்தமே இல்லாமல் தரையில் வைத்தாள், தூங்கும் நோயாளி பக்கத்தில் ட்ரேயை வைப்பதுபோல.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஒரு நிமிஷம் நாலு வினாடி. முன்னுரையிலிருந்து முடிவுவரை என் முகம்தான் இருந்தது. செல்ஃபி கேமராவைத் திருப்ப மறந்துவிட்டேன்.

அவள் ஒரு வினாடிகூட விடாமல் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஃபோனை வாங்கிச் செருப்பு அலமாரியில் சாய்த்து வைத்தாள். பயிற்சியாளரைச் சமையலறைக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷம் ஓய்வெடுத்துவிட்டு, மறுபடியும் எட்டு.

மூச்சுச் சத்தத்தை வைத்து உள்ளேயிருந்து எண்ணினேன். ஒன்றுகூடத் திணறவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஃபிசியோவிடமிருந்து பதில் வந்தது. கையெழுத்துப் போட்டாயிற்று, நாளைக்கு வார்டுக்குப் போகலாம், முதுகு பிரமாதம் சிஸ்டர் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: இரண்டு வீடியோ வந்திருக்கிறது, முதலாவதில் அழுதுகொண்டிருப்பவர் யார்?

இரண்டையும் அனுப்பியவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது அழுகை இல்லை, கண்ணில் வேர்வை பட்டுவிட்டது என்று பதில் போடச் சொன்னேன்.

அந்த வீடியோவில் என் தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.