கோட்டுக்கு அடியில்

"ஒன்பது பேரும் அம்மணமா!"

நகரத் தலைவர் பூர்தலோ போட்ட சத்தத்தில், பின்னால் படியேறி வந்த நகரமன்ற உறுப்பினர்கள் ஓவியக்கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஓவியன் அன்செல்ம், பென்சில் கோடுகளை அழிக்க வைத்திருந்த ரொட்டித் துண்டைக் கீழே வைத்தான்.

நகரமன்றச் சுவருக்குப் பெரிய படம். தலைவரோடு சேர்த்து உறுப்பினர்கள் ஒன்பது பேரும் கறுப்புக் கோட்டில் நிற்க வேண்டும். அதற்கான பென்சில் வரைவுகள்தான் சுவரில் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. தலை அவரவர் தலை. கழுத்துக்குக் கீழே நூல்கூட இல்லை.

"பாரிஸ்ல எல்லாரும் இப்படித்தாங்க. முதல்ல உடம்பு, அப்புறம்தான் துணி. இல்லேன்னா கோட்டு ஆணியில தொங்குற மாதிரி இருக்கும்."

"கோட்டைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

பூர்தலோ தையல்காரர். அங்கே நின்ற எல்லாக் கோட்டும் அவர் தைத்தவை.

"நாங்க யாரும் உன் முன்னாடி சட்டையக் கழட்டலையே தம்பி?"

"நிக்கிறதைப் பார்த்தாலே உள்ளே என்னன்னு தெரிஞ்சிடும் ஐயா." அன்செல்முக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"என்னைக் கொஞ்சம் பார்த்துக்கிறேனே!" பத்திரம் எழுதும் வசால் முண்டினார்.

"வீட்டுல கண்ணாடி இல்லையாக்கும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒருத்தரும் உள்ள வரக்கூடாது! அசிங்கம்!"

பூர்தலோ ஒன்பது தாளையும் பிய்த்து, சுருட்டி, கணப்படுப்பில் திணித்தார். மூன்று வார வேலை.

"இவர் கூச்சத்துக்கு நம்ம பாதிரியாரே தேவலை," என்று வசால் கிசுகிசுக்க, எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

அன்செல்ம் எரியும் தாள்களைப் பார்த்தான். "அப்ப, இந்தப் படம் வரையுற வேலை எனக்கு இல்லையா?"

பூர்தலோ கதவைச் சாத்தினார். குரலும் இறங்கியது.

"வசாலுக்கு இடது தோள் ரெண்டு விரல் இறக்கம். மருந்துக்கடைக்காரருக்கு மார்புன்னு ஒண்ணு கிடையாது. உள்ளது உள்ளபடி போட்டுட்டியே, பாவி! ஒருத்தருக்கொருத்தர் தெரியாம இருபது வருஷமா காப்பாத்திட்டு வர்றேன்."

பையிலிருந்து ஒரு நைந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மறுபடி வரை. எல்லார் அளவும் இதுல இருக்கு. கோட்டுக்குள்ள நான் வெச்சுத் தெச்ச பஞ்சோட சேர்த்து."