திங்கட்கிழமை திரும்பிவிடலாம்

“பெட்டிக்குள்ள கல்லே அடுக்கினனீங்கள், அக்கா? ரெண்டு நாளுக்கு இவ்வளவு பாரமே?”

சற்குணம் சிரித்தபடியே ரிக்‌ஷாவிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினான். அவனுடைய கையில் ஒரு சின்னப் பை மட்டும்தான்.

“தலைநகரம் பாக்கப் போறம். நாலு சேலை வேண்டாமே?” என்றாள் நல்லம்மா.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பினாங்கில் அக்காள் வீட்டில் தங்கிப் படிப்பவன் சற்குணம். கோலாலம்பூரைப் பார்க்க வேண்டுமென்று வந்த நாள் முதலாய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். சனி, ஞாயிறு பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்பிவிடலாம், தம்பி தனியாகப் போக வேண்டாம், அக்காளும் கூடப் போகட்டும். அக்கம்பக்கத்துக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நல்லம்மாவுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு ரிக்‌ஷாவில் அவளுடைய கணவர் கதிர்காமநாதன் வந்து இறங்கினார். கூடவே மகள் ஈசுவரியும், பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியும்.

கடற்கரையோரம் மணிக்கூண்டோடு நின்ற அந்தக் கட்டடத்துக்கு ரயில் நிலையம் என்று பெயர். ரயில் அங்கே வராது. டிக்கெட் வாங்கிக்கொண்டு படகேறி அக்கரைக்குப் போனால், பிறை என்ற ஊரில்தான் ரயில் நிற்கும்.

கதிர்காமநாதன் மைத்துனனைத் தூணோரமாக அழைத்துப் போனார்.

“ரெண்டு பேருக்கும் போக வர டிக்கெட்டா எடு தம்பி. இல்லாட்டி அவள் யோசிப்பாள்.”

“அத்தான், இப்பவாவது நீங்கள் சொல்லிவிடலாம்.”

“என்னால ஏலாது.” கப்பல்களைப் பார்ப்பவர்போல அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வாரங்களுக்கு முன், சோற்றுப் பானையின் மூடி முழங்கையில் பட்டுத் தோல் வெந்துபோனதை நல்லம்மா உணரவே இல்லை. மகள் பார்த்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. புண்ணுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், டாக்டர் அந்தக் கையை ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளை வெளியே கதவோரம் உட்காரச் சொல்லிவிட்டு, கதிர்காமநாதனிடம் மட்டும் பெருவியாதி, தொழுநோய் என்றார்.

கோலாலம்பூருக்கு வெளியே அந்த நோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே சேர்த்துவிட வேண்டும், வீட்டில் குழந்தை இருக்கிறது, தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எப்போது திரும்பி வருவாள் என்று கதிர்காமநாதன் கேட்டார். தாம் அனுப்பியவர்களில் யாரும் இன்னும் திரும்பவில்லை என்று பதில் வந்தது.

அதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? ஆண்கள் இருவரும் சேர்ந்து இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்கள். சனிக்கிழமை சற்குணம் அவளுக்கு ஊரைக் காட்ட வேண்டும். ஞாயிறு காலையில், தெரிந்த டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கூட்டிப்போய் அங்கே விட்டுவிட வேண்டும். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட கோலாலம்பூரை இனிப் பார்க்கவே சற்குணத்துக்குப் பிடிக்கவில்லை.

“அம்மா, தூக்குங்கோ!” ஈசுவரி ஓடி வந்தாள்.

நல்லம்மா சட்டென்று பின்வாங்கினாள். “சேலை கசங்கப் போகுது பிள்ளை. அப்பாட்டப் போ.”

குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. அக்காள் தானாகவே விலகியது நல்லதாயிற்று என்று சற்குணம் நினைத்தான். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தான்.

“புஷ்பவள்ளி, இவளுக்குத் தலை இழுக்கேக்க நோகுதெண்டு அழுவாள். ஏதாவது கதை சொல்லிக்கொண்டு இழுங்கோ. சிக்கு எடுக்கிறதே தெரியாது,” என்றாள் நல்லம்மா.

“ரெண்டு நாள்தானேக்கா. நான் பாத்துக்கிறேன்லா. நீங்க நிம்மதியா ஊரச் சுத்திப் பாத்துட்டு வாங்க.”

“மழையில மட்டும் விட்டிடாதையுங்கோ. நெஞ்சில சளி கட்டிவிடும்.”

“சரிக்கா.”

நல்லம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈசுவரி கோபத்தோடு அப்பாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

படகின் சங்கு ஊதியது. சற்குணம் டிக்கெட் ஜன்னலுக்குப் போனான். உள்ளே இருந்த டிக்கெட் குமாஸ்தா இராயப்பன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எங்க தம்பி?”

“கோலாலம்பூர். ரெண்டு பேர்.”

“சுத்திப் பாக்கவா? நல்ல ஊருலா. அந்த ஸ்டேஷனப் பாத்தாலே அரமனை மாதிரி இருக்கும். அப்ப ரெண்டுமே போக வர தானே?”

ஆமென்று சொல்லத்தான் வாய் திறந்தான். சொல்லாமல், பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினான்.

“என்னா தம்பி, ரெண்டு பேரும் திரும்பி வருவீங்கதானே?”

சற்குணத்தின் தோளுக்குப் பின்னாலிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது. ஜன்னலுக்குக் கேட்கும்படி, மகளுக்குக் கேட்காதபடி, தாழ்ந்து வந்தது.

“தம்பிக்குப் போக வர குடுங்கோ. எனக்குப் போக மட்டும் போதும்.”