ராணி எடுக்கப் போன துணி

“அந்த ராணியம்மா புள்ளைக்கு மாத்துத் துணி எடுத்துக்கினு வரேன்னு போனாங்களே, அந்தத் துணி என்னாச்சு மேடம்?”

துளசி கேட்டதும் சுகாசினி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். எட்டு வருடமாக அவள் நடத்தும் பாடம்தான். இதுவரை எந்த மாணவியும் இப்படி மடக்கியதில்லை.

பாடம், பழைய கிரேக்க நாடகம். படையெடுத்து வந்து தங்கள் நகரத்தையே கொளுத்திய பாரசீகர்களைக் கிரேக்கர்கள் கடலில் வைத்து நொறுக்கிவிடுகிறார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு கிரேக்கர் அதை நாடகமாக எழுதுகிறார். ஜெயித்த ஊர்க்காரர் தன் ஊர்ப் பெருமையை அல்லவா அளந்து விட்டிருக்க வேண்டும்? அவரோ தோற்றவன் வீட்டு ஒப்பாரியை எழுதினார். கடைசியில் எதிரி அரசன் கிழிந்த உடையோடு வந்து நிற்கிறான். அவனுக்கு நல்ல உடை எடுத்துவரப் போன தாய் திரும்பி வருவதே இல்லை. நாடகம் முடிந்துவிடுகிறது.

நெசவு வீட்டுப் பெண்ணுக்குத் துணி மேல்தானே கண் போகும் என்று சுகாசினி சிரித்தாள். துளசி சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஊரே ஒரு வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் வார்டு தேர்தல் முடிவு வந்த அன்று, ஜெயித்த ராஜகோபாலின் ஆட்கள், தோற்ற பரசுராமனை டீக்கடை வாசலில் மடக்கி, சட்டையைக் கிழித்து வேட்டியையும் உருவிவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன சுகாசினியின் போனுக்கே அது மூன்று தடவை வந்துவிட்டது. சிரிக்கிறவர்களுக்கு வெட்கமே இருக்காதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் ராஜகோபாலுக்குப் பாராட்டு விழா. கலை நிகழ்ச்சி என்ற பெயரில் சுகாசினியின் மாணவிகள் அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை நடிப்பதாக ஏற்பாடு. துளசிதான் ராணி.

ஒத்திகை பார்த்த பிரின்சிபாலுக்கு வியர்த்துவிட்டது. கிழிந்த துணியோடு யாரும் மேடை ஏறக் கூடாது, அந்தப் பெண் தன் வீட்டு விவகாரத்தைக் கல்லூரிக்குள் இழுத்து வருகிறாள், கண்டித்து வையுங்கள் என்று சுகாசினியைப் பிடித்துக் கத்தினார்.

வீட்டு விவகாரமா? சுகாசினிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அடப் பாவமே என்று மனசு பதறியது.

துளசியைத் தனியே அழைத்து, வம்பு வேண்டாம், கடைசிக் காட்சியை எடுத்துவிடலாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“எடுக்க முடியாது மேடம். வேணும்னா டி.சி. குடுக்கச் சொல்லுங்க, வாங்கிக்கினு போறேன்.”

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாமா?”

“அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. அந்த வீடியோ வந்ததுலருந்து எங்கம்மா அவருகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல.”

பட்ட அவமானம் போதாதென்று பெண்டாட்டியும் பேசவில்லையா! சுகாசினி விடுவிடுவென்று பிரின்சிபால் அறைக்குப் போனாள். அந்தக் காட்சி இருந்தால்தான் நாடகம், என்ன நடவடிக்கை என்றாலும் என் மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்ற வாக்கில் சொல்லிவிட்டு வந்தாள். அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போயிருந்ததால் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

விழாவன்று முன்வரிசையில் ராஜகோபால் கழுத்து தெரியாத அளவுக்கு மாலையோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசை ஓரத்தில் பரசுராமன். துளசியே நேரில் போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்திருந்தாள்.

அரசனாக நடித்த தேவிப்ரியா கிழிந்த உடையில் நின்று அழுதாள். பாடத்தின்படி ராணி வரக் கூடாது. துளசி வந்தாள். கையில் புத்தம் புதுப் பட்டு வேட்டி. அரசனைத் தாண்டினாள். படியிறங்கி, முன்வரிசையைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கடைசி வரிசைக்குப் போய்ப் பரசுராமனிடம் வேட்டியை நீட்டினாள்.

“கட்டிக்குங்க. தோத்தா பதவிதான் போவணும், துணி போவக் கூடாது.”

அவள் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. பரசுராமன் எழுந்து வேட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு மூலையில் யாரோ கைதட்ட, பிறகு எல்லோருமே தட்டினார்கள். ராஜகோபால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடைக்குப் பின்னால் சுகாசினி துளசியை இறுகக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“உங்கப்பா இனிமே இந்த ஊர்ல தலை நிமிந்து நடப்பாரும்மா.”

“அவரு எங்க பக்கத்துத் தெரு மாமா, மேடம். எங்கப்பா முன்வரிசைல மாலையோட உக்காந்துக்கினு இருக்காரு,” என்றாள் துளசி. “வர்ற புதன்கிழமை பதவியேற்புக்கு அவரு கட்டிக்கணும்னு எங்கம்மா நெய்த வேட்டி அது. இன்னிக்குக் காலைல அம்மாவேதான் மடிச்சுக் குடுத்து அனுப்பினாங்க.”