பீச்சாங்கையில் அம்மா

சங்கரன்கோவில் பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் மூத்திர நெடி கண்ணை எரிக்கிறது. ஈரம் சொட்டும் இடது கையை உதறியபடி மருதப்பன் வெளியே வருகிறான். உதறியதில் அவனுடைய ஸ்மார்ட் வாட்ச்சின் திரை ஒளிர்கிறது. போன ஆடியில் இறந்த அவன் அம்மா அதில் சிரிக்கிறாள். அவள் நெற்றியிலிருந்து உதடு வரை அழுக்குத் தண்ணீர் வழிகிறது. காத்து நிற்கும் அவன் மனைவி சங்கரேஸ்வரி அதைப் பார்த்துவிடுகிறாள். “அத்தை மொகத்தைப் பீச்சாங்கையிலயா கட்டியிருக்கீய?” என்கிறாள். “வாட்ச்ச அந்தக் கையிலதான கட்டணும்?” என்கிறான் அவன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதை அவிழ்க்கிறாள். குடிதண்ணீர் ஊற்றிக் கழுவி, முந்தானையால் துடைத்து, அவன் வலது கையில் கட்டுகிறாள். “சாப்பிடும்போது கொழம்பு தெறிக்குமேட்டி.” “தெறிக்கட்டும். சின்னப் பிள்ளையில நீங்க துப்பாத சோறா அந்த மொகத்துல.”